இரண்டு போசி மாவு

அந்த டாடா ஏஸ் வண்டி எங்கள் வீட்டு வாசலில் பின்பக்கமாக வந்து நின்றபோது, எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வி ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். தை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். காலை வெயில் இதமாக இருந்தது.

"அக்கா, ஊடு மாத்தறீங்களா?"

"இல்ல செல்வி. மாமா மட்டும் தோட்டத்துக்குப் போறாரு."

"எப்ப வருவாருங்?"

"வருவாரு."

அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். அன்று மத்தியானத்துக்குள் கோயமுத்தூர் கணபதியில் எங்கள் தெரு முழுக்கச் செய்தி போயிருக்கும். செல்விக்கு அந்த வேகம் உண்டு, நான் குறை சொல்ல மாட்டேன். என் தொழிலுக்கே அவள் வாய் எத்தனையோ முறை உதவியிருக்கிறது.

வண்டியில் ஏறியது அதிகமில்லை. ஒரு இரும்புக் கட்டில், ஒரு டேபிள் ஃபேன், ஸ்பேனர்கள் போட்ட தகரப் பெட்டி, பவானி ஜமக்காளம் ஒன்று, அவர் துணிமணி. பாத்திரம் எதையும் அவர் தொடவில்லை. எல்லாவற்றிலும் என் பெயர் வெட்டியிருக்கிறதாம், அது என் அம்மா வீட்டுச் சீராம். "கடையில ரெண்டு தட்டு வாங்கிக்கறேன்" என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆன மனுஷன் பேசுகிற பேச்சு இது.

டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும், "கேஸை மூடிட்டுத் தூங்கு அம்மணி" என்றார். வண்டி கிளம்பியது. நான் உள்ளே போய் ஃபேனை நிறுத்தினேன்.

எனக்குக் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. நாள் முழுக்கக் கல்யாண மண்டபத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு களைப்பு வருமே, அது மட்டும்தான் இருந்தது.

ஃபேன் சண்டை

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர், "உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் எழுதவே மாட்டேன் என்கிறீர்களே" என்று கேட்கிறார்கள். எழுதாததற்குக் காரணம், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததுதான். சரி, ஃபேனில் ஆரம்பிக்கிறேன்.

அவர் பொன்னுசாமி. நூல் மில்லில் ஃபிட்டர். மெஷின் சத்தத்திலேயே வளர்ந்த காது. ஃபேன் கடகடவென்று ஓடினால்தான் தூக்கம் வரும். மார்கழிப் பனியிலும் ஓட வேண்டும். எனக்கு ஃபேன் காற்று பட்டால் விடிகிறபோது மூக்கு அடைத்துவிடும். முதல் ஷிஃப்ட்டுக்குப் போய்ப் போய் அவருக்கு நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும், இரவு எட்டரைக்குக் கண் சொக்கும். நான் எட்டரைக்குத்தான் டி.வி. முன்னால் உட்காருவேன்.

நான் பேசினால் நிறுத்த மாட்டேன். அவர் பேச ஆரம்பிக்கவே மாட்டார். ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகையில், அங்கிருந்து கோயமுத்தூர் வரை ரயிலில் நானே பேசிக்கொண்டு வந்தேன். வடகோவை தாண்டும்போது அவர் சொன்ன ஒரே வார்த்தை, "செருப்பு மாட்டு" என்பதுதான்.

பொய் விஷயத்திலும் அப்படித்தான். நான் பிழைப்பது கொஞ்சம் பொய்யில். பெண் மாநிறம் என்றால் நல்ல நிறம் என்பேன். பையன் முன்கோபி என்றால் சுறுசுறுப்பு என்பேன். அவருக்குப் பொய் வராது. விருந்துக்குப் போன இடத்தில் "ரசம் எப்படிங்க?" என்று கேட்ட என் அண்ணியிடம், "உப்புங்க" என்று சொன்னவர்.

அப்புறம் மாவு. எனக்கு ஒரு ராத்திரி பொங்கிய மாவில் பூப்போல இட்லி வேண்டும். அவருக்கு மூன்று நாள் புளித்த மாவில் தோசை வேண்டும். அதனால் எப்போது மாவாட்டினாலும் இரண்டு போசி எடுத்து வைப்பேன். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் பாத்திரத்துக்குப் போசி என்று பெயர். ஒரு போசி மாவு ஃபிரிட்ஜுக்குள் போகும். இன்னொன்று அடுப்பு மேடை ஓரத்தில் புளித்துக்கொண்டு கிடக்கும். சமையலறைக்குள் நுழைந்தாலே அந்த வாடைதான். விருந்தாளி வந்தால் ஜன்னலைத் திறந்து வைப்பேன்.

அந்தப் புளிப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிது. மாமியார் இருந்தார். கையில் எதுவும் வீணாகக் கூடாது என்கிற ரகம். நான் கணக்குத் தெரியாமல் அரிசியை அள்ளி ஊறப் போட்டு, குண்டா நிறைய மாவாட்டி வைத்துவிட்டேன். சித்திரை மாசம். மறுநாள் பார்த்தால் நுரைத்து வழிந்து நாறிக்கொண்டு நிற்கிறது. மாமியார் மூடியைத் திறந்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறக்கப் போனார். அதற்குள் ஷிஃப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "அத எடுத்து வெய்யுங்கம்மா. எனக்குப் புளிச்சாத்தான் புடிக்கும்."

மாமியார் வாயை மூடிக்கொண்டார். எனக்குப் போன உயிர் வந்தது. இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு கோணல் நாக்கா என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒன்பது பொருத்தம்

என் தொழில் இப்படிப்பட்ட கோணலெல்லாம் இல்லாமல் ஜோடி சேர்ப்பது. மகள் தாரணி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டுத் திருமணத் தகவல் மையம் ஆரம்பித்தேன். அப்போது ஜாதகக் கட்டுகள். இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோவும் விவரமும். கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை. "நம்ம பையனுக்கு ஒத்துப்போற மாதிரி இருக்கோணுமுங்க."

ஒத்துப்போவது என்றால் என்ன என்று நான் யாரிடமும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டால் தொழில் நடக்காது.

ஒரு ஜோடியைச் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் வேலை. இரண்டு பேரும் அமைதி. இரண்டு பேருக்கும் சர்க்கரை போடாத காபி, கூட்டம் ஆகாது, சத்தம் ஆகாது, உறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்து தங்குவது ஆகாது. பத்துக்கு ஒன்பது பொருத்தம். என் கையால் முடித்ததிலேயே இதுதான் பிரமாதம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது ஆடிக்குள் பிரிந்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணை ஒருநாள் காந்திபுரத்தில் துணிக்கடை வாசலில் பார்த்தேன். ஓரமாகக் கூப்பிட்டு, "அப்படி என்ன கண்ணு சண்டை?" என்று கேட்டேன்.

"சண்டையே வரலீங்க ஆன்ட்டி. அவரும் பேச மாட்டாரு, நானும் பேச மாட்டேன். ஊட்டுல யாருமே குடியில்லாத மாதிரி இருந்துச்சு."

இதைக் கேட்டு, எதிரும் புதிருமாக இருப்பவர்கள்தான் நன்றாக வாழ்கிறார்கள் என்று நான் சொல்லப் போவதாக நினைக்காதீர்கள். எதிரும் புதிருமாகச் சேர்த்து வைத்து, வாசலில் நின்று சாபம் வாங்கிய கதையும் என்னிடம் உண்டு. வாயாடிப் பெண்ணை ஊமைப் பையனுக்குக் கட்டினேன், அது பிழைத்தது. செலவாளிப் பையனைச் சிக்கனக்காரிக்குக் கட்டினேன், அது போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. இத்தனை வருஷம் இதே வேலையாக இருந்தும், எந்த வித்தியாசம் மனுஷரைச் சேர்த்து வைக்கும், எது பிரிக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும்.

சீக்கிரம் சொன்ன 'சரி'

அவர் மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. அதுவரை ஷிஃப்ட் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் இருக்கும்போது நான் வெளியே இருப்பேன், நான் இருக்கும்போது அவர் தூங்குவார். ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று.

என்னிடம் வரன் கேட்டு வருகிறவர்கள் முன்னறையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் நடுவில் போவார், வருவார். "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லைங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது லேசாக இருமுவார். அந்த இருமலைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அந்தச் சமயத்தில் அன்னூர் பக்கம் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் அவருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு போர்வெல்லும் இரண்டு அறை வீடும் வந்தன. ஒருநாள் சாயங்காலம், டி.வி. சத்தத்தைக் குறை என்று அவர் சொல்ல, முடியாது என்று நான் சொல்ல, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நான் அன்னூருக்குப் போயிர்றேன் அம்மணி. கறிவேப்பிலை போடலாம்னு இருக்கேன். நீ இங்கயே இரு. ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்."

"சரிங்க" என்றேன்.

எங்கள் வாழ்க்கையில் இரண்டு பேரும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போன விஷயம் வேறு கிடையாது.

தாரணி பெங்களூரிலிருந்து போன் போட்டு அழுதாள். "அம்மா, இது டைவர்ஸா?"

"இல்ல கண்ணு."

"அப்ப இதுக்குப் பேரு என்னம்மா?"

"தண்ணி நெறையாக் குடி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பஸ்

அவர் போன முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஃபேன் இல்லாமல் தூங்கினேன். டி.வி.யை என் இஷ்டத்துக்கு அலறவிட்டேன். முன்னறையில் இருமல் இல்லை.

வியாழக்கிழமை வழக்கம்போல கிரைண்டரில் மாவாட்டினேன். வழித்து ஒரு போசியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். இன்னொரு போசியில் ஊற்றி மேடை ஓரத்தில் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது.

கொட்ட மனசு வரவில்லை. சனிக்கிழமை மாவு நன்றாகப் புளித்ததும் மூடி போட்டு, துணி கட்டி, சத்தி ரோட்டுக்குப் போய் அன்னூர் பஸ்ஸை நிறுத்தினேன். கண்டக்டர் முருகேசனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததே நான்தான். அன்னூரில் அவர் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லி ஏற்றிவிட்டேன். அவருக்கும் போன் போட்டு ஒரே வரியில் சொன்னேன். "ம்" என்றார்.

திங்கட்கிழமை போசி திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு கட்டுக் கறிவேப்பிலை. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் வீட்டுப் போசியை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போடுவார்கள். வெறும் போசி கொடுத்தால் கொடுக்கல் வாங்கல் முடிந்தது, இனி உங்கள் சங்காத்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

அப்படியே மாசங்கள் போயின. சனிக்கிழமை மாவு போகும், திங்கட்கிழமை கறிவேப்பிலை வரும். போனில் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. அவர் அன்னூரிலும் பேச ஆளில்லாமல் சந்தோஷமாக இருந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

வாழ்கிற கை

சிக்கல் தொழிலில் வந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஜாதகத்தை வாழ்கிற கையிலிருந்துதான் வாங்க வேண்டும். புருஷனோடு சேர்ந்து நல்லபடியாகக் குடித்தனம் நடத்துகிற பெண் எடுத்துக் கொடுத்தால் அந்தக் கல்யாணமும் தழைக்கும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முன்னறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "ஊட்டுக்காரர் எங்கீங்?" என்று கேட்பார்கள்.

"தோட்டத்துக்குப் போயிருக்காருங்க. பொழுதோட வந்துருவாரு" என்பேன். அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பழைய செருப்பை வாசலிலேயே வைத்திருந்தேன்.

அந்த வருஷம் எனக்குப் பெரிதாக ஒரு இடம் வந்தது. அன்னூர்க் குடும்பம். அம்மா பேர் சரஸ்வதி. மகன் டாக்டர். பீளமேட்டில் நான் ஒரு பெண்ணைக் காட்டினேன், எல்லாம் கூடி வந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற நேரம். இது முடிந்தால் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் என்னிடம் வரும் என்று நம்பியிருந்தேன்.

சரஸ்வதியம்மாளின் வீட்டுக்காரர் ஒருநாள் அன்னூர் டீக்கடையில் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறார். "ஏனுங், கணபதி வேணியம்மா ஊட்டுக்காரர்தானுங்களே? தெனமும் போயிட்டு வாரீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். இவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம். "இல்லீங்க. நான் இங்கயே இருக்கறனுங்க. அவ அங்க இருக்கறா. தையிலருந்து தனித்தனியாத்தானுங்க."

மறுநாள் சரஸ்வதியம்மாள் போன் செய்தார். குரலில் மரியாதை துளியும் குறையவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. ஜாதகத்தை வேற எடத்துல பாத்துக்கறோமுங்க. உங்கமேல ஒரு கொறையும் இல்லீங்க."

அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் அதே மரியாதையோடு ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு முன்னறையில் காபி டம்ளர் கழுவுகிற வேலையே இல்லாமல் போனது. கட்டி வளர்த்த தொழில் ஒரு டீக்கடை பெஞ்சில் முடிந்துவிடும் போலிருந்தது.

அன்று போனை எடுத்து நான் கத்தியதை இங்கே முழுதாக எழுத முடியாது. அச்சுக்கு ஆகாது. எழுதக்கூடியது இவ்வளவுதான்: "எனக்கோசரம் ஒரே ஒரு பொய் சொன்னா உங்க நாக்கு அழுகிப்போயிருமா? உங்களுக்கு மாவு புளிக்க வெச்சு வெச்சே என்ர ஆயுசு போச்சு. இத்தன வருசம் வாழ்ந்ததுக்கு என்ன மிச்சம்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

ஆனாலும் சனிக்கிழமை மாவை அனுப்பினேன். கோபம் வேறு, மாவு வேறு.

திங்கட்கிழமை முருகேசன் போசியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தூக்கும்போதே எடை தெரிந்தது. மூடியைத் திறந்தேன். கழுவித் துடைத்து, பளபளவென்று, உள்ளே ஒன்றும் இல்லை.

கறிவேப்பிலைக் காட்டில்

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது மடியில் அந்த வெறும் போசிதான் இருந்தது. சரவணம்பட்டி, கோவில்பாளையம் என்று ஊர்கள் போயின. என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முடிந்துபோயிற்று என்றால் அதை அவர் வாயால் சொல்லட்டும். போசி சொல்ல வேண்டாம். அது மட்டும்தான் மனசில் இருந்தது.

அவர் கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடிக்காமல் போசியை அவர் முன்னால் வைத்தேன்.

"இது என்னங்க?"

"போசி."

"வெறும் போசியா வந்துருக்கு."

அவர் ஒரு கட்டை முடித்து ஓரமாக வைத்தார். "போடறதுக்குக் கை வரல" என்றார். "நீ அப்படிப் பேசிப்போட்ட. மாவு புளிக்க வெச்சு ஆயுசு போச்சுன்னு."

"போகாம? எனக்கோசரம் ஒரு பொய், ஒண்ணே ஒண்ணு, உங்க வாயில வந்துருக்கா?"

"வந்துருக்கு."

"எப்ப?"

"அம்மா இருக்கறப்ப. அந்தக் குண்டா மாவுக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த மாவு?"

"நீ கல்யாணமாயி வந்த புதுசுல, நொரைச்சு வழிஞ்சு நின்னுச்சே. அம்மா உன்னைப் பேசப் போனாங்க. எனக்குப் புளிச்சாத்தான் புடிக்கும்னு சொல்லிப்போட்டேன்." கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னார். "எனக்குப் புளிப்பு ஆகாது அம்மணி. நெஞ்சு எரியும்."

தோட்டத்தில் எங்கேயோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொம்பை எடுத்துத் தண்ணீரைக் குடித்தேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டு அலமாரியில் எப்போதும் இருந்த, வயிற்றெரிச்சலுக்கான இளஞ்சிவப்பு மருந்து ஞாபகம் வந்தது. சாப்பிட்டதும் ஒரு மூடி குடிப்பார். மில் கேன்டீன் சாப்பாடு வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மறுத்ததில்லை.

"அப்பறம் எதுக்குங்க இத்தன வருசம் தின்னீங்க?"

"சொல்லிப்போட்டனே. நீயும் அதை நம்பித் தனியா ஒரு போசி எடுத்து வெக்க ஆரம்பிச்சுட்ட. எனக்குன்னு. அப்பறம் எப்படி இல்லைங்கறது?"

வாசகர்கள் இந்த இடத்தில் நான் அழுதிருப்பேன் என்று எதிர்பார்க்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை சித்திரை, எத்தனை ஐப்பசி, அந்த வாடையைச் சகித்துக்கொண்டு, மழைக்காலத்தில் புளிக்கவில்லையே என்று கவலைப்பட்டு, போசியை வெயிலில் கொண்டுபோய் வைத்து வைத்து எடுத்திருக்கிறேன். எல்லாம் ஒரு நெஞ்செரிச்சலுக்கு. எங்களுக்குள் எதுவுமே ஒத்துவராது என்று ஊரில் நான் சொல்லிவந்த கதையில், பாதி இந்த மாவுக் கதைதான்.

"நீங்க மனுசனே இல்லைங்க" என்றேன்.

"ம்" என்றார்.

பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அவர் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பார். நான் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதுதான் சிரித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வாருங்கள் என்று நானும் கூப்பிடவில்லை. இங்கேயே இரு என்று அவரும் சொல்லவில்லை. வந்தால் முதல் ராத்திரியே ஃபேன் சண்டை வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முருகேசன் கொண்டுவந்த கேள்வி

வாசலில் இருந்த பழைய செருப்பை எடுத்துக் குப்பையில் போட்டேன். அந்த வாரம் சூலூரிலிருந்து தன் மகளுக்கு வரன் கேட்டு வந்த ஒரு அம்மா, காபி குடித்துக்கொண்டே கேட்டார். "ஊட்டுக்காரர் எங்கீங்?"

"அன்னூர்ல தனியா இருக்காருங்க. நான் இங்க தனியா இருக்கறேன். எங்களுக்குள்ள ஒத்துவராதுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நெசத்தைச் சொல்றீங்க. பையனைப் பத்தியும் நெசத்தைச் சொல்லுவீங்கல்ல?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படி ஒரு பழக்கம் எனக்கு இல்லையே. அதற்கப்புறம் வந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழில் பாதியாகத்தான் நடக்கிறது.

இந்த முறை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாவாட்டினேன். ஒரே போசி. சனிக்கிழமை காலை பூப்போலப் பொங்கியிருந்ததை, புளிப்பு ஏறுவதற்குள் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்தாவது அந்த மனுஷன் நெஞ்சு எரியாமல் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். அடுப்பு மேடை ஓரம் வெறுமையாக இருந்தது. வாடை இல்லை. ஜன்னலைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

திங்கட்கிழமை முருகேசன் பஸ்ஸிலிருந்தே எட்டி போசியை நீட்டினான். கனமாக இருந்தது. திறந்தால் கறிவேப்பிலை, மூடி அழுத்தினாலும் அடங்காத அளவுக்கு.

"அக்கா, அய்யா ஒண்ணு கேக்கச் சொன்னாருங்க" என்றான். பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. "இந்த வாரம் மாவு ஏன் புளிக்கவே இல்லைன்னு. தோசை தொண்டையில எறங்கலீங்களாமா."

"நெஞ்சு எரியுமேப்பா அவருக்கு."

"அதையுஞ் சொன்னாருங்க. எரிஞ்சாப் பரவால்லையாமா."

பஸ் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து அரிசியை ஊறப் போட்டேன், இரண்டு போசிக்கும் சேர்த்து.